சாந்தாகுரூஸ் சேரும்வரை பெருக்காத வீடு

மீனம்பாக்கத்திலிருந்து பம்பாய் சாந்தாகுரூஸுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் துடைப்பம்தான் ஞாபகத்துக்கு வரும். கேட்கிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் இருக்காது.

அந்த வீட்டில் என்னையும் சேர்த்து நான்கு பேர். மாமனார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் எதிலிருந்தும் ஓய்வு பெறாதவர். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலிருந்த ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. அதன் தலைமை அலுவலகம் பம்பாயில் இருந்தது, அங்கே இருந்த இயந்திரங்கள் இவர் முகத்தைப் பார்க்காமல் ஓடுவதில்லை. நான் கணக்கில் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டு, அந்த வீட்டில் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

மாமியாரிடம் மூன்று விதிகள் உண்டு. வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால் அவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் போனவரையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியதாகிவிடும். இரண்டாவது, இருட்டில் துடைப்பத்தைத் தொடக் கூடாது, விடிந்த பிறகுதான். மூன்றாவது, பெருக்காத வீட்டிலிருந்து யாரும் நல்ல காரியத்துக்குக் கிளம்பக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நியாயமான விதிகள். ஒன்றாகச் சேர்ந்தால் என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது.

கல்யாணமான புதிதில் அவர் பம்பாய்க்கு ரயிலில்தான் போவார். இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு பகல். அத்தனை நேரமும் வீடு பெருக்காமல் கிடக்கும். பல்லாவரம் மலையில் கல் உடைக்கிற தூசி ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும், அதன்மேல் தலைமுடி, அதன்மேல் காய்கறித் தோல். அந்த வீட்டில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கப் பழகியிருந்தோம். அவர் பம்பாயில் இறங்கியிருப்பார் என்று மாமனார் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன நிமிஷம் நான் துடைப்பத்தை எடுப்பேன். அந்த நேரத்தில் எனக்குத் துடைப்பத்தின் மேல் இருந்த ஆசை புருஷன்மேல் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

பிறகு தலைமை அலுவலகத்துக்கு அவசரம் வந்துவிட்டது. இயந்திரம் நின்றால் இரண்டு ராத்திரி காத்திருக்க முடியாது, விமானத்தில் வா என்று டிக்கெட் அனுப்பினார்கள். தெருவே எங்கள் வீட்டை நிமிர்ந்து பார்த்தது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் பெரிய குழப்பம்.

முதலில் குழம்பியவர் மாமனார். ரயிலில் பம்பாய் எண்ணூறு மைல் சொச்சம். விமானத்தில் அறுநூறு சொச்சம்தான் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். மாமனார் அதை ஏற்கவில்லை. இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயே இருக்கும்போது நடுவில் இத்தனை மைல் எங்கே போகும் என்று கேட்டார். வளைந்து போகாமல் நேராகப் போகிறது என்று மகன் விளக்கினார். மாமனார் அரக்கோணம், ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர் என்று வரிசையாகச் சொல்லி, இதில் எந்த ஊரை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றார். எல்லா ஊரையும்தான் என்றார் மகன். அதன் பிறகு இரண்டு நாள் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை.

மாமியாருக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தூரம் குறையவில்லை, இவன் வேகமாகப் போகிறான், அவ்வளவுதான், அதற்கு வீடு ஏன் அவசரப்பட வேண்டும் என்றார். விரதம் தூரத்துக்கா நேரத்துக்கா என்பது கேள்வி. மாமியார் தூரத்துக்கு என்றார். தூரத்துக்கு என்றால் விமானத்தில் போனாலும் இரண்டு நாள் பெருக்கக் கூடாது. அவர் பம்பாயில் இறங்கி, இயந்திரத்தைச் சரிசெய்து, மறுபடி விமானம் ஏறித் திரும்பி வந்தே விடுவார், அவர் இன்னும் போய்ச் சேரவில்லை என்று நாங்கள் குப்பையில் உட்கார்ந்திருப்போம். ஒரு தடவை அப்படியே நடந்தது. சூட்கேஸோடு உள்ளே நுழைந்தவர், ஏன் வீடு இப்படிக் கிடக்கிறது என்று கேட்டார். நீங்கள் இன்னும் பம்பாய் போய்ச் சேரவில்லை என்றேன்.

எனக்கு ஆதரவாக வந்தவர் மாமனார்தான். மருமகள்மேல் இரக்கமெல்லாம் இல்லை, அவருக்குக் கால அட்டவணைமேல் இருந்த பக்தி. அட்டவணையில் வந்து சேரும் நேரம் என்று ஒன்று போட்டிருந்தால் அந்த நேரத்தில் வந்து சேர்ந்ததாகத்தான் அர்த்தம், அதை மதிக்காவிட்டால் நான் முப்பது வருஷம் கொடி காட்டியதற்கு என்ன மரியாதை என்று வாதாடினார். போதாக்குறைக்கு, ரயில் என்றால் நடுவழியில் எங்கேயாவது நின்றுவிடும், விமானம் நடுவழியில் நிற்கவே முடியாது என்றும் சொன்னார். மாமியாருக்கு அது ஆறுதலாக இருந்தது. அதில் என்ன ஆறுதல் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். விமானம் பறக்கிற நேரம் ஒன்றே முக்கால் மணி, தாமதத்துக்கு ஒரு கால் மணி, ஆக இரண்டு மணி நேரம் துடைப்பத்தைத் தொடக் கூடாது. நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு நாள் இரண்டு மணி நேரமாகக் குறைந்ததே பெரிய விஷயம்.

இதற்கு நடுவில் நான் வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்று வருஷம். போகிற இடமெல்லாம் கணக்கில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள், குழந்தை எப்போது என்றுதான் கேட்பார்கள். அதை நானே ஒருத்தரிடம் கேட்க வேண்டியிருந்தது, அவர் பம்பாயில் இருந்தார். படித்த கணக்கெல்லாம் எத்தனை உழக்கு அரிசிக்கு எத்தனை உளுந்து என்பதில் வந்து நின்றுவிட்டது. சில நாள் மத்தியானத்தில், மறந்துவிட்டேனா என்று பார்க்க, அம்மியில் மஞ்சளால் ஒரு சமன்பாடு எழுதிப் போட்டுப் பார்ப்பேன். மறந்துதான் போயிருந்தது. அன்றைக்கெல்லாம் எனக்கு அழுகை வரும்.

அப்போதுதான் தாம்பரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து அட்டை வந்தது. கணக்கு டீச்சர் நடு வருஷத்தில் விலகிவிட்டார், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வரவும். விசாரித்ததில், தலைமை சிஸ்டர் ரொம்பக் கண்டிப்பானவர், பதினொன்று அடித்து ஐந்து நிமிஷத்தில் வந்தவளைக்கூட வாசலோடு அனுப்பிவிடுவார் என்று தெரிந்தது. மின்சார ரயிலில் எங்கள் ஊரிலிருந்து இரண்டாவது நிறுத்தம் தாம்பரம். அதைவிடப் பக்கத்தில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைக்கப்போவதில்லை. இந்த வேலை எனக்கு வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும், அவ்வளவுதான்.

மாமியாரிடம் சொன்னபோது அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் தேவலை என்றார். சரி, இவருக்கு இஷ்டமில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து, பம்பாயில் இயந்திரம் நின்றுவிட்டது, நாளைக் காலை விமானம் என்றார். எனக்கு வந்த கோபத்தில், அந்த இயந்திரத்தைக் கட்டிக்கொண்டிருக்கலாமே என்று கேட்டேன். அவர் பாவம், காலுறையைத் தேடப் போனார்.

ஆனால் நிதானமாக யோசித்தபோது சரியாகத்தான் வந்தது. டாக்சி விடிவதற்கு முன்னாலேயே வந்துவிடும், அப்போது பெருக்க முடியாது. விமானம் ஆறரைக்கு. இரண்டு மணி நேரம் போனால் எட்டரை. எட்டரைக்குத் துடைப்பத்தை எடுத்தால் ஒன்பதுக்குள் வீடும் வாசலும் முடியும். குளித்து, புடவை கட்டி, பத்தேகாலுக்கு ரயில். கால் மணியில் தாம்பரம். மாமனாரும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். கணக்கு டீச்சர் வேலைக்குப் போகிறவளுக்கு இது நல்ல சகுனம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் அவர் கிளம்பிப் போனார். நான் கஞ்சி போட்ட புடவையை எடுத்து வைத்துவிட்டு, கூடத்தில் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்தேன். மாமனார் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எட்டேகாலுக்கு வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

வந்தவர் எங்கள் பின்தெருக்காரர். மீனம்பாக்கத்தில் விமானத்தில் சாமான் ஏற்றுகிற வேலை, ராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறார். வழியில் எங்களிடம் ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நல்ல மனசோடு இறங்கியிருந்தார்.

"அம்மா, உங்க புள்ள இன்னும் அங்கயேதான் குந்திகினு கீறாரு. பிளேன்ல இன்னாவோ கோளாறாம், ஒம்போதுக்கு மேலதான் எடுப்பான்னு பேசிகினாங்க. நீங்க ஒண்ணும் பேஜாராவாதீங்க."

அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினோம். மோரில் உப்புப் போட எனக்கு மனம் வரவில்லை.

மாமனார் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளம்பாத வண்டிக்கு வந்து சேரும் நேரம் என்று ஒன்று கிடையாது என்றார். ஒன்பதுக்குக் கிளம்பினால் பதினொன்று. பதினொன்றுக்கு நான் பெருக்கவே ஆரம்பிப்பேன், தாம்பரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

நான் படித்த படிப்பையெல்லாம் திரட்டி ஒரு வாதம் வைத்தேன். மாமா, அவர் இன்னும் மீனம்பாக்கத்தில்தான் இருக்கிறார். மீனம்பாக்கம் நமக்கு இரண்டு ஸ்டேஷன்தான். அங்கே போகத்தான் டாக்சியில் ஏறினார், அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பயணம் முடிந்தது, அடுத்த பயணம் இன்னும் தொடங்கவில்லை. இப்போது அவர் எந்தப் பயணத்திலும் இல்லை. ஆகவே இப்போதே பெருக்கிவிடலாம், சீக்கிரம் பெருக்கினால் விமானம் கிளம்புவதற்குள் முடித்துவிடலாம்.

மாமனாருக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். எனக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது. பிறகு கண்ணைத் திறந்து, அரக்கோணத்தில் வண்டி மாறக் காத்திருக்கிறவன் பயணியா இல்லையா என்று என்னைக் கேட்டார். டிக்கெட் கையில் இருக்கிறவரை அவன் பயணிதான் என்று அவரே தீர்ப்பும் சொன்னார்.

ஒன்பதாயிற்று. விமானம் கிளம்பியதா, இல்லையா, யாருக்குத் தெரியும். மாமியார் ஓரமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒன்பதேகாலுக்கு, கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், மாமனாரைப் பார்த்து, ஸ்டேஷன் பக்கம் மருந்துக்கடையில் போன் இருக்கிறதே, மீனம்பாக்கத்துக்குப் போட்டு விமானம் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டு வாருங்களேன் என்றார். மாமனாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதிகாரபூர்வமான காரியம் என்பதால் சட்டை மாற்றி, தலை வாரி, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் வேகத்துக்குப் போய் வர முக்கால் மணி ஆகும்.

நான் உள்ளே போய்க் குளித்தேன். குளிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், குப்பையாவது கூளமாவது, நான் போகத்தான் போகிறேன். ஆனால் புடவையைக் கையில் எடுத்ததும் கை நின்றுவிட்டது. பெருக்காமல் போனால் வேலை கிடைக்காது, பெருக்கிவிட்டுப் போய் அன்றைக்கு அவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? விதிகளை நான் நம்பவில்லை. ஆனாலும் பயமாக இருந்தது. வேலையும் வேண்டும், அவரும் வேண்டும். இரண்டையும் ஒரு துடைப்பத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துவிட்டார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாதி கட்டிய புடவையோடு நின்று அழுதேன்.

அப்போது கூடத்தில் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால் மாமியார் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் வந்த நாளிலிருந்து அவர் துடைப்பம் பிடித்து நான் பார்த்ததில்லை. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் என்று ஒரு மூலை விடாமல், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு பெருக்கினார். நான் ஓடிப்போய்த் துடைப்பத்தைப் பிடித்தேன். அவர் விடவில்லை.

"அத்தை, அவர் இன்னும் போய்ச் சேரலையே."

"தெரியும். கையை எடு."

"நானே பெருக்கிடறேன், அத்தை. குடுங்க."

"நீ பெருக்கினா, நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா காலத்துக்கும் உன்னைத்தான் சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன். நான் பெருக்கினா பெத்தவதானே பெருக்கினான்னு போயிடும். போய்த் தலையைப் பின்னு, நேரமாவுது."

நான் தலையைப் பின்னினேன். அவசரத்தில் வகிடு கோணலாக வந்தது. நான் வெளியே வந்தபோது வாசலில் தண்ணீர் தெளித்து நாலு புள்ளியில் ஒரு கோலம்கூடப் போட்டு முடித்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்தேகால் ரயிலைப் பிடித்துவிட்டேன்.

தலைமை சிஸ்டர் என்னைக் கரும்பலகையில் இரண்டு கணக்குப் போடச் சொன்னார். ஒன்று வந்தது, இன்னொன்று பாதியில் நின்று பிறகு வந்தது. அப்புறம் அவரும் வீட்டு விஷயத்துக்கு வந்தார். மாமியாருக்கு நீ வேலைக்கு வருவதில் சம்மதமா என்றார். காலையில் வீட்டைப் பெருக்கிவிட்டு அவர்தான் என்னை அனுப்பினார் என்றேன். வீட்டு வேலையில் ஒத்தாசையாக இருக்கும் நல்ல மாமியார், உனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்றார். ஆமாம் சிஸ்டர் என்றேன். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.

ரயிலில் வரும்போது எனக்குச் சிரிப்பாக வந்தது. எதிரே இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன். மாமியாரும் உள்ளுக்குள் இதையெல்லாம் நம்பாதவர்தான் போலிருக்கிறது, மாமனாருக்காகத்தான் இத்தனை நாள் விதி பேசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அது தவறு என்று தெரிந்தது.

மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். மருந்துக்கடையில் போன் கிடைக்கவே இல்லையாம். திரும்பி வந்தவர், பெருக்கிய வீட்டைப் பார்த்து, யார் பெருக்கியது என்று கேட்டிருக்கிறார். மாமியார், நான்தான் பெருக்கினேன் என்றாராம். அவ காலையிலேர்ந்து பச்சைத்தண்ணிகூட வாயில ஊத்தலம்மா என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

மாமியார் சமையலறைக் கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முருங்கைக்கீரை ஆய்ந்தது ஆய்ந்தபடி முறத்தில் வாடிக் கிடந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த விதியில் ஓர் எழுத்தைக்கூட அவர் நம்பாமல் இல்லை. நம்பிக்கொண்டேதான் பெருக்கியிருக்கிறார்.

வேலை கிடைத்துவிட்டது அத்தை என்றேன். தலையை ஆட்டினார். தந்தி வந்துதா பாரு என்றார்.

நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் சாப்பாடு இறங்காது என்று தெரிந்துவிட்டது. பம்பாய் எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று அன்றைக்கு யாரும் பேசவில்லை. மாமனார் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாமியார் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தார்.

அஞ்சு மணிக்குமேல் தந்திக்காரர் வந்தார். நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்ற ஒரே வரியை மாமனார் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் தமிழில் இரண்டு தடவையும் வாசித்தார். மாமியார் அதைக் கையில் வாங்கி, எழுதப் படிக்கத் தெரியாதவர், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு நின்றபடியே குடித்தார். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேலை என்னிக்கிலேர்ந்து?"

"திங்கக்கெழமையிலேர்ந்து, அத்தை."

"அப்ப திங்கக்கெழமையிலேர்ந்து நான்தான் பெருக்கணும்," என்றார். "இப்பவே இடுப்பு ஒடியுது. நல்ல மருமக வந்து வாச்சா எனக்கு."